பல்லில் கல் இருந்தால் இதயத்தில் அடைப்பு என்று பொருளா?

வணக்கம். எக்ஸ்ரேயில் இரண்டு கடைவாய்ப் பற்களின் கூழில் (பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் மென்மையான பகுதி) சுண்ணாம்புக் கற்கள் தெரிந்ததாகவும், அது மாரடைப்பின் முன்னறிகுறி என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கம் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உடனே ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. இந்தக் கற்களுக்காக மட்டும் என்றால், வேண்டாம்.

இந்தக் கற்கள் மிகச் சாதாரணமானவை. வயது கூடும்போது வரும். ஆழமான சொத்தை, சொத்தைக்கு முன்பு வைத்த ஃபில்லிங், பல்வரிசையைச் சீராக்கும் கம்பி ஆகியவற்றாலும் வரும். இதய நோயாளிகளிடம் இவை சற்று அதிகம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சில அப்படி எதையும் காணவில்லை. பெரும்பாலானவை சிறு ஆய்வுகள். வயது ஏற ஏறப் பல்லிலும் சுண்ணாம்பு படியும், இரத்தக் குழாயிலும் படியும். இரண்டும் ஒருவரிடமே இருப்பதால் ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. ஆஸ்டியோபான்டின் என்ற புரதம் இரு இடங்களிலும் காணப்படுவது சுவையான செய்திதான், ஆனால் அதை வைத்து நோயைக் கணிக்க முடியாது. பல்லிலிருக்கும் கல் நகர்ந்து இதயத்துக்குப் போகவும் போகாது!

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் போகிற போக்கில் சொன்ன இன்னொன்று: தந்தைக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பரிசோதித்து, இதைப் பொது மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ வந்தால் அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வலி இல்லையென்றால் அந்தப் பற்களைத் தொட வேண்டியதில்லை. பின்னாளில் வேர்ச் சிகிச்சை (ரூட் கெனால்) தேவைப்பட்டால் கற்கள் வழியை மறிக்கலாம். எனவே அந்த எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள்.