நாய் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கலாமா?

கேள்வி: அக்கா, என் பையன் நாலாங்கிளாஸ் படிக்கிறான். வாயைத் திறந்தா கதை கதையா அளப்பான், நோட்ல எழுதச் சொன்னா அஞ்சு வரியில முடிச்சிடறான். போன வாரம் எழுதினது இதுதான்: 'ஒரு ஊரில் ஒரு நாய் இருந்தது. அது காணாமல் போனது. எல்லோரும் தேடினார்கள். நாய் கிடைத்தது. அனைவரும் மகிழ்ச்சி அடைந்தனர்.' சுவாரசியமா எழுத எப்படி சொல்லித் தர்றது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்க பையனுக்கு கதை நல்லாவே வருதும்மா. நாய் காணாம போறது அருமையான ஆரம்பம், ஆனா நாலாவது வரியிலயே கிடைச்சிடுச்சு பாருங்க, அங்கதான் சப்புன்னு போயிடுது. கதையில ஒருத்தருக்கு ஏதோ ஒண்ணு வேணும், அது லேசுல கைக்கு வரக்கூடாது, அப்பதான் படிக்கிறவங்க "அப்புறம்?"னு கேப்பாங்க.

அதனால முதல்ல நோட்டை மூடி வெச்சிட்டு வாயால சொல்ல விடுங்க, ராத்திரி சாப்பாடு போடுறப்ப, பஸ்ல போறப்ப, எப்ப வேணா. நீங்க கேள்வி மட்டும் கேளுங்க. நாய் பேரு என்ன, கடைசியா பாத்தது யாரு, கேட்டைத் திறந்து போட்டது யாரு? அந்த வீட்டுப் பையன்தான் திறந்து போட்டான், அம்மாகிட்ட சொல்ல பயம்னு உங்க பையன் வாயால வந்துச்சுன்னா கதை அந்த இடத்துலயே சூடு பிடிச்சிடும், ஏன்னா இப்ப கதையில வர்ற பையன் நாயையும் தேடணும், மாட்டிக்காமயும் இருக்கணும். அடுத்து 'எல்லோரும் தேடினார்கள்'ல நிறுத்துங்க. எங்கடா தேடினாங்க? டீக்கடை பெஞ்சுக்கு அடியிலயா, கறிக்கடை வாசல்லயா? அங்க ஒரு நாய் படுத்திருக்கு, ஓடிப்போய் பாத்தா அது வேற நாய். இப்படி ரெண்டு இடம் கண்ணு முன்னாடி வந்துட்டாலே பக்கம் தானா நீளும். மகிழ்ச்சி அடைந்தனர்னு எழுதாம, நாயைப் பாத்ததும் பையன் என்ன செஞ்சான்னு எழுதச் சொல்லுங்க. கேரக்டர் பேசறதை வீட்ல பேசற மாதிரியே எழுதட்டும்.

இன்னொண்ணு, இதை ரொம்ப வேண்டிக் கேட்டுக்கறேன், முதல் தடவை எழுதறப்ப ல, ள, ழ தப்புல கை வைக்காதீங்க. வரிக்கு வரி ரெட் பேனாவால சுழிச்சா புள்ளைங்க தெரிஞ்ச வார்த்தையை மட்டும் எழுதி தப்பிச்சுக்கும், சீக்கிரம் முடிக்கறதுக்கு அதுவே பாதிக் காரணம். கதை முழுசா முடிஞ்சதும் அவனையே சத்தமா படிக்க விட்டு அப்புறம் திருத்திக்கலாம்.

நிறைய படிக்கவும் கொடுங்க. அரசுப் பள்ளின்னா 4, 5 வகுப்புக்கு 'ஊஞ்சல்' இதழ் 2022ல இருந்து வருது. பள்ளிக்கல்வித் துறையோட வாசிப்பு இயக்கத்துல நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா சின்னச் சின்ன புத்தகங்களும் இருக்கு, டீச்சர்கிட்ட கேட்டுப் பாருங்க.

கேள்வி: ஆறாவது படிக்கிற என் பேத்தி எழுதற கதைகள்ல நீதியே இருக்கறதில்லை. கடைசியில ஒரு நீதி சேக்கச் சொல்லலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாங்க ஐயா. நீதியை முதல்லயே முடிவு பண்ணிட்டா கெட்டவன் முழுசா கெட்டவன், நல்லவன் முழுசா நல்லவன்னு ஆயிடும், அதுல குழந்தைக்கு யோசிக்க ஒண்ணும் இருக்காது. அந்த ஆள் ஏன் அப்படி செஞ்சான்னு மட்டும் கேளுங்க, அவளே யோசிச்சு இன்னும் நாலு வரி எழுதுவா. முடிஞ்சா நீங்க சின்ன வயசுல பண்ணின சேட்டை ஒண்ணைச் சொல்லுங்க, அவ இஷ்டத்துக்கு மாத்தி எழுதட்டும், நடுவுல "அப்படி நடக்கலையே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.