பெம்பிகஸ் கொப்புளமா, கிருமித் தொற்றா?

உங்கள் அம்மாவுக்கு பெம்பிகஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளம் எழுப்பும் நோய்), அதற்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 40 மி.கி., கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசதியோபிரின். உடம்புப் புண்கள் ஆறி வரும்போது உதட்டோரமும் கழுத்திலும் புதிதாக வந்திருக்கிறது, ஸ்டீராய்டைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கூட்டாதீர்கள். மற்ற இடமெல்லாம் ஆறி, ஓரிடம் மட்டும் மோசமானால், தோல் வார்டில் வேலை பார்க்கிற எனக்கு முதல் சந்தேகம் தொற்றின் மேல்தான்.

நீங்கள் எழுதியபடி கொத்தாக, சின்னச் சின்ன வட்டமாக, தொட்டாலே எரிகிறது என்றால் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கலாம். சாங்க் ஸ்மியர் எடுப்பார்களா என்று தோல் டாக்டரிடம் கேளுங்கள். புண்ணின் அடியை லேசாகச் சுரண்டி ஸ்லைடில் தடவிப் பார்ப்பார்கள். பல கருக்கள் கொண்ட பெரிய செல்கள் தெரிந்தால் ஹெர்ப்பிஸ். தனித்தனியாகப் பிரிந்த உருண்டைச் செல்கள் மட்டும் என்றால் பெம்பிகஸ் பக்கம். ஹெர்ப்பிஸுக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

தேன் நிறப் பொருக்கோ சீழோ இருந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியா, கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கட்டும். வாயில் துடைத்தால் வருகிற வெள்ளைப் படலம் பூஞ்சை.

அப்புறம், மெடிக்கலில் நீங்களாக வாங்கும் கலவை கிரீம் வேண்டவே வேண்டாம். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். படர்தாமரையை மறைத்துப் பரப்பிவிடும்.

காய்ச்சல் இல்லையே என்று சும்மா இருக்காதீர்கள், ஸ்டீராய்டு அதையும் அமுக்கிவிடும். பயந்து மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. சர்க்கரையையும் ரத்த அணுக்களையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அசதியோபிரின் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது.