அதக்குவதும் குதப்புவதும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். போன வாரம் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் கன்னம் உப்பலாக உட்கார்ந்திருந்தான். “வாயில் என்ன அதக்கி வச்சிருக்கே?” என்று கேட்டேன். அவனுக்கும் புரியவில்லை, வகுப்பில் மற்றவர்களுக்கும் புரியவில்லை. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும் சக ஆசிரியர் ஒருவர், “அதெல்லாம் தோட்டத்துப் பேச்சு. ‘மெல்’ என்ற ஒரு சொல் போதும்” என்றார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், என் பாட்டி அதக்கு, குதப்பு, கொறி, மொக்கு என்று வாய்க்கு வாய் சொல்லுவார். இவை கொச்சையா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள டீச்சர்,

கொச்சை இல்லை. நாலுக்கும் அகராதியில் இடமுண்டு. ‘மெல்’ பொதுச்சொல் என்பது சரிதான், ஆனால் உங்கள் மாணவன் எங்கே மென்றான்? கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே ஒதுக்கி, எச்சிலில் ஊறவிட்டுக்கொண்டிருந்தான். அது அதக்குவது. பல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. மென்றிருந்தால் சத்தத்திலேயே பிடிபட்டிருப்பான்.

குதப்புவது வேறு. வாய் நிறைய வைத்துக்கொண்டு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிப் புரட்டுவது. நான் வளர்ந்த லயத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பல் கிடையாது. சாயங்காலமானால் சின்ன இரும்பு உரலில் வெற்றிலை பாக்கை டங் டங்கென்று இடிப்பார். கம்பத்து மலாய்ப் பாட்டிகள் வைத்திருக்கும் கோபெக் என்ற வெற்றிலை இடிப்பானுக்கும் அதே வேலைதான். பல் செய்ய வேண்டியதை உரல் செய்துவிட்டால் வாய்க்கு மிஞ்சுவது குதப்பல்தானே. அந்த நேரத்தில் அவரிடம் ஏதாவது கேட்டால் ‘ம்ம்’ என்ற பதிலுக்கு மேல் வராது.

கொறிப்பது முன்பல் வேலை. தானியத்தை உமி நீக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது. அணில் கொறிக்கும், மாடு கொறிக்காது, மாடு அசைபோடும். ஈப்போ புந்தோங்கில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே என்கிற கடலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் சுங்கை சிப்புட் வரும்வரை கொறிக்கலாம். அதையே கை நிறைய அள்ளி வாயில் அடைத்தால் மொக்குவது. பண்டம் ஒன்றுதான், தின்கிற விதம் மாறினால் வினை மாறிவிடுகிறது. மொக்குவதில் கொஞ்சம் வசவும் கலந்திருக்கிறது. வகுப்பில் யாரையும் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், ‘ஒரு சொல் போதும்’ என்ற பேச்சு. தொல்காப்பியம் அதற்கு இடம் தரவில்லை. பல வினைகளுக்குப் பொதுவான பெயரை ஒரு வினைக்கு மட்டும் உரியதுபோலச் சொல்லாதே என்கிறது. உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவது அடிசிலை, அதாவது உணவை. அடிசிலில் உண்பதும் தின்பதும் நக்குவதும் பருகுவதும் அடங்கும், ஆகவே ‘அடிசில் உண்டார்’ என்று சொல்லக்கூடாது, ‘அயின்றார்’ என்பது போன்ற பொதுவினையால்தான் சொல்ல வேண்டும். இத்தனை கறாராக இருந்த மொழியில் வந்து ‘மெல்’ ஒன்றே போதும் என்றால் எப்படி?

மெல்வதையே தொழிலாக்கிக்கொண்ட ஒருவரும் இருந்தார், அமெரிக்காவின் ஹொரேஸ் ஃபிளெட்சர். உணவு நீராகும்வரை மெல்லுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள் நம் பக்கத்தில். அவர் 1919இல் காலமானபோது வயது 69. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்ல வேண்டாம், கோபித்துக்கொள்வார்.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கவலை அவ்வளவாக இல்லை. மலாயில் மெல்கிற குன்யா வேறு, வாயில் வைத்து ஊறவிடுகிற குலும் வேறு என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிஸ்கட் டின்னைத் திறந்து போட்டால் லெமாவ் ஆகிவிடும் என்றும் தெரியும். அதற்கு நம் சொல் நமுத்துப்போவது. ஆக, வித்தியாசம் அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, தமிழ்ப் பெயர்தான் போய்ச் சேரவில்லை. அதக்குவது என்றால் குலும் மாதிரி என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள்.

சரி, அந்தப் பையன் கடைசியில் மிட்டாயைத் துப்பினானா, முழுங்கினானா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.