ஜூபிடரும் நாக்டனும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

ஃபிலிம் கேமராக்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என்னிடம் பெஸ்ஸா ஆர்3ஏ என்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருக்கிறது. அதில் சோவியத் தயாரிப்பான ஜூபிடர்-3 லென்ஸைப் (50 மி.மீ., எஃப் 1.5) போட்டுக் கூத்துப் படங்கள் எடுக்கிறேன். எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். எச்பி5 ஃபிலிமின் ஒளியுணர் வேகத்தை 1600க்குத் தள்ளினாலும் முழுத் திறப்பில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

சில படங்கள் மனதை அள்ளுகின்றன. ஆனால் வேஷம் கட்டும்போது அருகில் நின்று எடுத்தவற்றில், கண்ணைக் குறிவைத்தால் காதோரம்தான் கூர்மையாக விழுகிறது. மேடையில் விளக்கு சட்டகத்துக்குள் வந்துவிட்டால் படமே வெளுத்துவிடுகிறது. நண்பர்களில் ஒரு சாரார் கோசினா நிறுவனத்தின் புதிய நாக்டன் லென்ஸை வாங்கு, முடிந்தால் லைக்காவின் சம்மிலக்ஸ் வாங்கு என்கிறார்கள். இன்னொரு சாரார் புதிய லென்ஸ்களில் உயிரே இல்லை, குணம் பழையவற்றில்தான் என்கிறார்கள். எனக்கோ கேனன் 50/0.95 (50 மி.மீ., எஃப் 0.95) லென்ஸ் மீது ஓர் ஆசை. எதை நம்புவது? லென்ஸில் பூஞ்சை வராமல் காப்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.

சு., செய்யாறு

அன்புள்ள சு.,

முதலில் உங்கள் இரண்டு குறைகளையும் குணம் என்ற பேச்சிலிருந்து பிரித்துவிடுவோம். காதோரம் கூர்மையாவது லென்ஸின் குணமல்ல, அளவுக் கோளாறு. ஜூபிடர்-3 என்பது சைஸ் சோனாரின் சோவியத் வடிவம். காண்டாக்ஸ் கேமராவுக்காகப் பிறந்த சோனாரின் உண்மையான குவியத் தூரம் 52.4 மி.மீ. அளவில் இருக்கும். லைக்கா தன் ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது தொலைவை அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் அமைப்பை, 51.6 மி.மீ. கணக்கில் அமைத்தது. உங்கள் பெஸ்ஸாவும் அந்த வழியில் வந்ததுதான். தொலைவில் இரண்டும் ஒத்துப்போகும். அருகே வர வர, லென்ஸ் முன்னே நகர வேண்டிய தூரத்தில் கொஞ்சம் குறை விழும். 1 மீட்டரில் அந்தக் குறை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதுவே முகத்தில் ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால் போய் நிற்கும். எஃப் 1.5இல் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) 1 மீட்டருக்குக் கிடைக்கும் கூர்மை ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் பகுதி, மொத்தமே மூன்றரை செ.மீ., அதில் கண்ணுக்குப் பின்னால் இருப்பது பாதிதான். தப்பிக்க வழியில்லை. 2 மீட்டருக்கு அப்பால் ஆழமே காப்பாற்றிவிடும். மேடைப் படங்களில் உங்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இருப்பது அதனால்தான்.

லென்ஸ் தொகுதிக்கும், அதை முன்பின் நகர்த்தும் திருகான ஹெலிகாய்டுக்கும் நடுவே 0.1 மி.மீ. அளவில் ஒரு மெல்லிய தகட்டைச் சேர்த்தால் அருகாமை சரியாகும். பழைய லென்ஸ் பழுது பார்ப்பவர்களுக்குப் பழக்கமான வேலை இது. பதிலுக்கு, முழுத் திறப்பில் தொலைதூரம் சற்று மங்கும். எஃப் 4க்கு மூடினால் அதுவும் தெரியாது. கூத்துக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை.

விளக்கு பட்டதும் படம் வெளுப்பது வேறு கதை. லென்ஸ் வடிவமைப்பாளர் லுட்விக் பெர்டெலே 1932இல் 50/1.5 சோனாரை வரைந்தபோது லென்ஸுக்குக் கோட்டிங், அதாவது ஒளி திரும்பிப் போகாமல் தடுக்கும் மெல்லிய பூச்சு, கிடையாது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஒளி திரும்பிவிடும். பெர்டெலே ஏழு கண்ணாடிகளை மூன்று தொகுதிகளாக ஒட்டி, இப்படிப்பட்ட பரப்புகளை ஆறாகக் குறைத்தார். லைக்காவைத் தயாரித்த லைட்ஸ் நிறுவனத்தின் அதே காலத்து ஸெனான் 50/1.5இல் பத்துப் பரப்புகள். சோனாரில் நான்கில் ஒரு பங்கு வரை ஒளி போனது, ஸெனானில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். போன ஒளி சும்மா போகவில்லை, உள்ளேயே அலைந்து நிழல்களின் மேல் படர்ந்து கறுப்பைச் சாம்பலாக்கியது. 1935இல் சைஸில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கோட்டிங்கைக் கண்டுபிடித்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. ஒளிப்படத்துறையின் மிகப்பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று அது என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பேசுபவர்கள்தான் குறைவு.

ஜூபிடர்-3க்குக் கோட்டிங் உண்டு. பரப்புகளும் குறைவு. ஆகவே விளக்கைக் கண்டதும் படமே வெளுக்கும் என்றால் எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, இருட்டில் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். உள்கண்ணாடியில் பால் பூசியதுபோல் ஒரு படலம் தெரிந்தால் அது ஹேஸ். பழைய எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. பழைய லென்ஸின் மென்மை, பழைய லென்ஸின் ஒளிவட்டம் என்று பாராட்டப்படுவதில் கணிசமான பங்கு இந்த அழுக்குதான். சுத்தம் செய்தால் போய்விடும். 1949இல் வந்த லைட்ஸ் சம்மரிட் 50/1.5 இதில் பாவப்பட்ட லென்ஸ். அதன் முன்கண்ணாடியின் கோட்டிங் மென்மையானது, துடைத்துத் துடைத்தே கீறியிருப்பார்கள். கீறலும் படலமும் சேர்ந்த ஒன்றை நேற்று வாங்கிய லென்ஸோடு ஒப்பிட்டுவிட்டு இதுதான் அந்தக் காலம் என்று சொல்வது அந்தக் காலத்துக்குச் செய்யும் அநியாயம்.

சுத்தமான பழைய லென்ஸ் ஒன்றைப் புதியதோடு வைத்துப் பார்த்தால் உண்மையான வேறுபாடு தெரியும். பழைய வேகமான லென்ஸ் ஒன்றுக்குள் இரண்டு லென்ஸ்கள் இருக்கின்றன. முழுத் திறப்பில் கோளப் பிறழ்ச்சி (லென்ஸின் நடுவே வரும் ஒளியும் ஓரத்தில் வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாமை) மிச்சமிருப்பதால் கூர்மையின் மேல் ஒரு மெல்லிய ஒளி படர்ந்திருக்கும், ஓரங்கள் கரையும். எஃப் 4க்கு மூடினால் வேறொரு லென்ஸ்போல இறுகி நிற்கும். புதிய லென்ஸ் எல்லாத் திறப்பிலும் ஏறக்குறைய ஒரே ஆள்.

லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தபடியே படமெடுக்கலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் முடியாது. நாம் பார்ப்பது தனியான ஒரு ஜன்னல் வழியே. அங்கே எப்போதும் எல்லாமே கூர்மை. ஃபோகஸ் ஷிஃப்ட் என்ற தொல்லை இங்கே முழு பலத்தோடு வருவதும் அதனால்தான். சோனாரை எஃப் 1.5இலிருந்து எஃப் 2.8க்கு மூடினால் குவியும் இடம் பின்னால் நகரும், ஜன்னலில் ஒன்றும் தெரியாது. கோசினா தயாரிப்பில் சைஸ் கொண்டுவந்த சி சோனார் 50/1.5இலும் இது உண்டு, நிறுவனமே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஆக, ரேஞ்ச்ஃபைண்டரில் பழைய லென்ஸ் என்பது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய லென்ஸ். எந்தத் திறப்பில், எந்தத் தொலைவில், எந்தப் பக்க ஒளியில் என்ன செய்யும் என்பதைத் தலைக்குள் வைத்திருப்பவருக்கு அது அள்ளிக் கொடுக்கும். மற்றவருக்கு அவ்வப்போது அதிர்ஷ்டம் அடிக்கும்.

புதியவற்றில் உயிரில்லை என்பதை நான் ஏற்கவில்லை. லைக்காவின் 50/1.4 சம்மிலக்ஸில் வடிவமைப்பாளர் வால்டர் மாண்ட்லரின் கணக்கு 1960களின் தொடக்கத்தில் வந்தது, 2004 வரை கண்ணாடி அமைப்பு பெரிதாக மாறவேயில்லை. 2004இல் லைக்காவின் வடிவமைப்பாளர் பீட்டர் கார்பே கோளமல்லாத (ஆஸ்பெரிகல்) ஒரு பரப்பையும், அருகே வரும்போது தனியாக நகரும் ஒரு தொகுதியையும் சேர்த்து அதை மாற்றினார். விளைவு, 0.7 மீட்டரில் முழுத் திறப்பில் கண்ணிமை முடி தனித்தனியாக நிற்கிறது. அது உயிரில்லாத படமா? ஒப்பனை அறையில் அரிதாரம் காய்ந்து வெடிக்கும் கோடுகளை எடுக்க நினைப்பவருக்கு அதுதான் உயிர்.

அந்தக் காலத்து நிபுணர்கள் பிறழ்ச்சியை விரும்பி வைத்தவர்களும் அல்லர். 1966இல் லைட்ஸ் கொண்டுவந்த 50/1.2 நாக்டிலக்ஸைப் பாருங்கள். இரவில் சட்டகத்துக்குள் விளக்குகள் இருக்கும்போதே முழுத் திறப்பில் எடுப்பதற்கென்று செய்த லென்ஸ். விளக்குப் புள்ளிகள் ஓரத்தில் பறவைச் சிறகுபோல விரியும் கோமாவை அடக்க இரண்டு கோளமல்லாத பரப்புகள் வைத்தார்கள். அவற்றைக் கையால் தேய்க்க வேண்டியிருந்தது. செலவு தாங்காமல் சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டார்கள். இன்று அதே மாதிரிப் பரப்பை அச்சில் அழுத்தியே எடுக்கலாம், அதனால்தான் கோசினாவின் நாக்டன்கள் இந்த விலைக்குக் கிடைக்கின்றன. 1966இல் ஏங்கிய ஒன்று 1999இல் நாக்டன் 50/1.5 ஆஸ்பெரிகலாகச் சாதாரண ஆளின் கைக்கு வந்தது. பிறகு காலம் திரும்பி, லைக்கா 2021இல் அந்த 1966 நாக்டிலக்ஸையே மறுபடி செய்து விற்றது. கோசினாவும் ஒற்றைக் கோட்டிங் போட்ட நாக்டன் கிளாசிக்கை இன்னொரு பக்கம் தருகிறது. ஃபிலிம் மெதுவாக இருந்த நாளில் ஒளிக்காக வாங்கிய எஃப் 1.4ஐ இன்று பலர் தோற்றத்துக்காக வாங்குகிறார்கள். உங்கள் தேவை இன்னும் ஒளிதான். அந்த வகையில் நீங்கள் 1966 ஆட்களோடு சேர்ந்தவர்.

கேனன் 50/0.95 ஆசையை விட்டுவிடுங்கள். 1961இல் கேனன் 7க்காக வந்தது. அந்த கேமராவுக்கென்றே இருந்த வெளிப்புற பிடிப்பில் பூட்டுவது. எம் மவுண்ட் என்ற லென்ஸ் பிடிப்புக்கு மாற்றி அமைக்காமல் உங்கள் பாடியில் ஏறாது. எடை 600 கிராமுக்கு மேல், ஜன்னலில் ஒரு மூலையை மறைக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஆர்3ஏயின் ரேஞ்ச்ஃபைண்டர் அடித்தளம், அதாவது தொலைவை அளக்கும் இரண்டு ஜன்னல்களுக்கு இடையிலான தூரம், 37 மி.மீ. மட்டுமே; அது நீள நீளத் துல்லியம் கூடும். பார்வை உருப்பெருக்கம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் பயன்படும் அளவும் அதுவே. லைக்கா எம்3இல் அது 62 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட வரும், 0.72 ஜன்னல் உள்ள எம்6இல் 50. எஃப் 0.95இல், 1 மீட்டரில், இரண்டு செ.மீ. சொச்சம் ஆழத்துக்குள் நடிகரின் கண்ணை உங்கள் பெஸ்ஸா பிடித்துத் தரும் என்று நம்பி அவ்வளவு பணம் போடக்கூடாது. அந்த பாடிக்கு எஃப் 1.4 அல்லது 1.5 எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பரிந்துரை: ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய நாக்டன் 50/1.5 ஒன்று. மேடையில் விளக்குக்கு எதிரே நிற்கும்போது, கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் பளிச்சிடும்போது, அதைப் போடுங்கள். சம்மிலக்ஸ் அதைவிட நல்ல லென்ஸ்தான். ஆனால் அந்த லட்சங்களில் பல வருடத்துக்கு ஃபிலிம் வாங்கிக் கழுவலாம், நானாக இருந்தால் ஃபிலிம்தான் வாங்குவேன். பழையதே வேண்டுமென்றால் கேனனின் 50/1.4, எல்39 திருகு மவுண்ட். 1950களின் கடைசியில் வந்தது, ஆறு கண்ணாடி, நேர்த்தியான உலோக வேலை, முழுத் திறப்பிலேயே நம்பலாம். 1 மீட்டருக்கு அருகே வராது. உள்ளே படலம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜூபிடரை விற்க வேண்டாம். தகடு சேர்த்து, சுத்தம் செய்து, வேஷம் கட்டும் இடத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒற்றை விளக்கு எரியும் அந்த அறையில் சோனார் வகை லென்ஸ் முகத்தைச் சுற்றியுள்ளவற்றைக் கரைக்கும் விதம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பூஞ்சைக்கு மருந்து காற்றின் ஈரத்தைக் குறைப்பதுதான். ஈரப்பதம் 40–50 சதவீதத்தில் நிற்கும் மின் உலர்பெட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், சிறிய ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் சூடுபடுத்தி மறுபடி போடலாம். தோல் உறைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெள்ளை நூல்போல ஏதாவது தெரிந்தால் அந்த லென்ஸை மற்றவற்றிலிருந்து பிரித்து, உடனே கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள். தள்ளிப்போட்டால் கோட்டிங்கை அரித்துவிடும், அதன் பிறகு துடைத்தும் பயனில்லை.

அன்புடன்.