வாசகர் கேள்வி: எந்திரமா, உயிரா?

கேள்வி: எந்திரங்களுக்கும் உயிரினங்களுக்கும் போர் மூண்டால் ரோபோக்கள் எந்தப் பக்கம் நிற்கும் என்று நண்பர்களுடன் விவாதித்தோம். தங்கள் கருத்து?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை.

பதில்: பக்கம் பிரிக்கும் கோடே இப்போது மங்கிவருகிறது. 2020இல் அமெரிக்காவின் வெர்மான்ட், டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆப்பிரிக்கத் தவளையின் கருவிலிருந்து எடுத்த தோல், இதயத் தசைச் செல்களைக் கணினி வகுத்த வடிவத்தில் இணைத்து, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய 'ஜெனோபாட்' என்னும் உயிருள்ள ரோபோக்களை உருவாக்கினார்கள். அவற்றில் உலோகமும் இல்லை, மின்கலமும் இல்லை; கருவில் சேர்ந்திருந்த சத்து தீரும்வரை சில நாள்கள் நகர்ந்து, பின்னர் மட்கிவிடுகின்றன. வெட்டுப்பட்டால் தாமே கூடிக்கொள்கின்றன. உதிரிச் செல்களைக் குவித்துத் தம்மைப் போன்றவற்றை அவை உருவாக்குவது 2021இல் தெரியவந்தது. (திரையில் வரும் இரும்பு அரக்கர்களைவிட எனக்கு இதுவே வியப்பு.) இவற்றை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்பதை உங்கள் நண்பர்கள் முதலில் முடிவு செய்யட்டும்.