கன்சோலில் வைஃபை தகராறு: சுங்கை சிப்புட் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் (குடியிருப்புப் பகுதிகள்), வீடியோ கேம் கன்சோல்களின் இணைய இணைப்பு பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணே, வீட்டு வைஃபை கைப்பேசியில் இரண்டு பெயரில் தெரிகிறது. என் பழைய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்சோலில் ஒன்றுதான் வருகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை தம்பி. அந்த இரண்டு பெயரும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைகளுக்கு உரியவை. 2013-இல் வந்த முதல் பிஎஸ்4, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டும்தான் பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் 2016-இல் வந்த ஸ்லிம், புரோ மாடல்களில்தான் சேர்ந்தது. தெரிகிற பெயரிலேயே இணையுங்கள். ரௌட்டரில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் (அந்த அலைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்) எதில் பக்கத்து வீடுகளின் நெரிசல் குறைவோ அதை வையுங்கள்.

கேள்வி: பிஎஸ்4-இல் என்டபிள்யூ-31297-2 (NW-31297-2) என்ற பிழை எண் வருகிறது. கடவுச்சொல் சரியாகத்தான் போடுகிறேன்.

பதில்: கடவுச்சொல் பொருந்தவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். வீட்டில் யாராவது அதை மாற்றினார்களா என்று முதலில் கேளுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பார்த்து மறுபடி போடுங்கள். ரௌட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால், டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: லயத்து வீடு அண்ணே. ரௌட்டர் முன் ஹாலில், கன்சோல் பின்னறையில். விளையாட்டு அடிக்கடி அறுந்துபோகிறது, மழை வந்தால் இன்னும் மோசம். வைஃபை அலையைத் தூரத்துக்குக் கடத்தும் ரிப்பீட்டர் வாங்கலாமா?

பதில்: காசைக் கொடுப்பதற்கு முன் கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கன்சோலின் நெட்வொர்க் பகுதியில் இணைய இணைப்புச் சோதனை இருக்கிறது. ஐபி முகவரியே (ரௌட்டர் கன்சோலுக்குக் கொடுக்கும் எண்) கிடைக்கவில்லை என்றால் சிக்கல் கன்சோலுக்கும் ரௌட்டருக்கும் நடுவில். முகவரி கிடைத்து, இணையம் தோல்வி என்றால் பெரும்பாலும் ரௌட்டருக்கு வெளியே. இதைப் பார்க்காமல் கன்சோலை ரீசெட் செய்து, சேமித்த விளையாட்டை இழந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம், கன்சோலை ஒருநாள் ரௌட்டர் பக்கத்தில் வைத்து விளையாடுங்கள். அங்கே அறுபடவில்லை என்றால் நடுவில் இருப்பதுதான் காரணம். தகரத் தடுப்பு, குளிர்பெட்டி, மீன் தொட்டி எல்லாமே அலையைத் தடுக்கும். ரௌட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ரிப்பீட்டரை விட, ரௌட்டரையும் கன்சோலையும் நேராக இணைக்கும் லேன் கேபிள்தான் நல்லது. 100 மீட்டர் வரை இழுக்கலாம், லயத்து வீட்டுக்குத் தாராளம்.

மழையில் கைப்பேசிக்கும் இணையம் போகிறதென்றால் வைஃபையைக் குறை சொல்ல வேண்டாம். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS, சிக்னல் இழப்பு) விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளி லைனில் கோளாறு. சேவை நிறுவனத்துக்கு உடனே புகார் கொடுங்கள். இடி நெருங்குவதற்கு முன்பே ரௌட்டர், கன்சோல் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மகனால் நண்பர்களோடு குரலில் பேச முடியவில்லை. 'நாட் டைப் 3' என்று காட்டுகிறதாம். சிம் கார்டு ரௌட்டர்தான் வைத்திருக்கிறோம்.

பதில்: அக்கா, நாட் (NAT) டைப் 3 என்றால் வெளியிலிருந்து வரும் தொடர்பு அடைபட்டிருக்கிறது என்று பொருள். சிம் இணையத்தில் பெரும்பாலும் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அப்படியிருந்தால் ரௌட்டரில் போர்ட் (தொடர்பு உள்ளே வரும் வழி) திறந்தும் பயனில்லை. தனிப் பொது ஐபி தருவார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஃபைபர் வீடுகளில், போர்ட்டைத் தானாகத் திறக்கும் யூபிஎன்பி (UPnP) வசதியை ரௌட்டரில் இயக்கி ரௌட்டரை மறுபடி தொடங்கினாலே பல சமயம் தடை குறைந்த டைப் 2 ஆகிவிடும்.

கேள்வி: நிண்டெண்டோ சுவிட்சில் லேன் கேபிள் போட முடியுமா?

பதில்: 2021-இல் வந்த ஓஎல்இடி மாடலின் டாக்கில் (சுவிட்சை டிவியோடு இணைக்கும் தாங்கி) லேன் துளை உண்டு. அதற்கு முந்தைய டாக் என்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர் வேண்டும். எல்லா அடாப்டரும் ஒத்துவராது. சுவிட்சுக்குப் பொருந்தும் என்று கடைக்காரர் உறுதி சொன்ன பிறகே வாங்குங்கள்.