“லோன் ஓகே” என்றார்கள், இரண்டரை மாதமாகக் காசு வரவில்லை: காணித் தரகர் என்ன செய்யலாம்?

மட்டக்களப்பு, கல்லடியில் காணித் தரகு செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “வீட்டோடு 13 பேர்ச் காணி, விலை 90 இலட்சம். வாங்குகிறவர் ஆசிரியர். வங்கியில் லோன் ஓகே என்று சொன்னதால் 10 இலட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இரண்டரை மாதமாக ‘அடுத்த கிழமை’ என்கிறார்கள். விற்கிறவர் வேறு ஆள் பார்க்கப் போகிறாராம். இப்படி இழுக்கிற வங்கிகளோடு எப்படித் தொழில் செய்வது?”

தம்பி, நான் தரகுக்கு வருமுன் பல வருடம் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருந்தவன். அந்த மேசையில் இருந்து நானும் எத்தனையோ பேருக்கு “ஓகே” சொல்லியிருக்கிறேன், அதனால் தெரியும், அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள் கிடையாது, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருள். சம்பளச் சீட்டையும் கிரிப் அறிக்கையையும் (கடன் தகவல் பணியகம் தரும் பழைய கடன் விபரம்) பார்த்து “பிரச்சினை இல்லை” என்றாலும் அது ஓகேதான். மதிப்பீட்டு அறிக்கையும், காணி உறுதியைச் சட்டத்தரணி பார்த்து எழுதும் அறிக்கையும் வந்தாலும் ஓகே. மேலிடம் கையெழுத்து வைத்து ஓஃபர் கடிதம் வந்தாலும் ஓகே. காணியை வங்கிக்கு ஈடு வைக்கும் ஈட்டு உறுதி எழுதி, விற்கிறவர் கையில் காசோலை விழும்வரைக்கும் எல்லாமே ஓகே! ஆகவே “லோன் சரியா?” என்று கேட்காதீர்கள், “ஃபைல் இப்போது யாருடைய மேசையில், எந்தப் பேப்பர் குறை?” என்று கேளுங்கள். அதையும் வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள், வாடிக்கையாளரின் விசயத்தை வங்கி தரகருக்குச் சொல்லாது, சொல்லவும் கூடாது.

இழுக்கிற கிளைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த இழுபறிகளில் பாதிக்கு மேல் காணியின் பேப்பரில்தான் தொடங்கின. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. கலியாணத்தோடு மகளின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதும்போது தாய் தகப்பன் ஆயுள் உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, தங்களிடமே வைத்துக்கொள்வார்கள். மகள் இப்போது விற்க வருகிறாள், அம்மா உயிரோடு இருக்கிறார், அவர் கையெழுத்து வைத்து உரித்தை விடும்வரை வங்கி நகராது. நன்கொடை உறுதிக்குப் பத்து வருடம் ஆகாவிட்டாலும் பல வங்கிகள் தயங்கும், நன்றிகெட்ட பிள்ளையிடம் இருந்து நன்கொடையைத் திருப்பி எடுக்கச் சட்டத்தில் வழி இருப்பதால். இதை வங்கிச் சட்டத்தரணி ஆறாவது கிழமையில்தான் கண்டுபிடிப்பார். நீங்களோ உறுதியின் முதல் இரண்டு பக்கத்தை முதல் நாளே வாசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், அம்பாறையின் குடியேற்றப் பகுதிகள் என்றால் அது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா, அரசு அளிப்புப் பத்திரத்தில் கொடுத்த காணியா, தனியார் உறுதியா என்று முதலில் பாருங்கள். முதல் இரண்டும் என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கவே முடியாது. கல்லடியில் கடற்கரைப் பக்கம் என்றால் கடலில் இருந்து 300 மீற்றருக்குள் கட்டியதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா என்ற கேள்வியும் வரும்.

அதனால் நான் இப்போது 30 வருட உறுதித் தொடர், காணிப் பதிவகப் பிரதி, நில அளவைப் படம், வீதிக்கோட்டுச் சான்றிதழ், உடைமைச் சான்றிதழ், கட்டட அனுமதி எல்லாம் ஒரு கோப்பில் இல்லாமல் காணியை ஆளுக்குக் காட்டுவதே இல்லை. விற்கிறவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். வாங்குகிறவர் கட்டாரில் இருந்துகொண்டு அற்றோணி (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) மூலம் செய்கிறார் என்றால் இன்னும் சில கிழமைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மதிப்பீடு. உங்கள் கணக்கையே எடுப்போம். வங்கி 70 வீதம் கடன் தரும், 90 இலட்சத்துக்கு 63 இலட்சம் வரும் என்று ஆசிரியர் நினைத்திருப்பார். வங்கியின் மதிப்பீட்டாளர் 80 என்று எழுதினால் கிடைப்பது 56, அந்த 7 இலட்சத்தை ஆசிரியர் எங்கே போய்ப் புரட்டுவார்? பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வாங்குகிறவர் போனை எடுக்காமல் விடுவார், நீங்கள் வங்கி இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன். 90 இலட்சத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், மொத்தம் 3 இலட்சத்து 59 ஆயிரம். இதையும் நொத்தாரிசின் கட்டணத்தையும் வாங்குகிறவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

அட்வான்ஸ் விசயம். வெறும் கடதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை விற்பனை உடன்படிக்கை என்று சொல்ல முடியாது. 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும். அதில் 30 நாள் என்று போடுவது நம்மவர்களின் பழைய பழக்கம், லோன் காசு என்றால் நான் 90 நாளுக்குக் குறையப் போடுவதில்லை. வங்கி எழுத்தில் மறுத்தால் அட்வான்ஸ் திரும்பும், வாங்குகிறவரே பின்வாங்கினால் திரும்பாது என்றும் தெளிவாக எழுதுவிப்பேன்.

ஓஃபர் கடிதம் வந்த பிறகும் அதன் முடிவுத் திகதியையும் வட்டி மாறுமா என்ற வரியையும் வாசியுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அப்போது என்னிடம் ஏறாவூர்க் காணி ஒன்று ஓஃபர் கடிதத்தோடு நின்றது, மாதத் தவணை ஏறியதும் வாங்குகிறவர் கைவிட்டார். யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று, ஈட்டைக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகுதான் சில வங்கிகள் காசு விடும். விற்கிறவர் உறுதியில் கையெழுத்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். அப்படியான வங்கி என்றால் கையெழுத்துக்கு முன்னமே, காசை நேரே விற்கிறவருக்குக் கொடுப்போம் என்று ஒரு பொறுப்பேற்புக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளைகளைப் பற்றி ஒரு சின்னக் கொப்பி வையுங்கள், எந்தக் கிளை, எந்த அதிகாரி, விண்ணப்பித்த நாள், காசு வந்த நாள். ஐந்தாறு விற்பனைக்குப் பிறகு யாரிடம் அனுப்பக்கூடாது என்று கொப்பியே சொல்லும். அதிகாரிக்கு “செலவுக்கு” கொடுக்கும் வேலையை மட்டும் தொடங்காதீர்கள். லோன் எடுத்துத் தருகிறோம் என்று முன்கூட்டியே காசு கேட்கிற ஆட்களிடம் வாங்குகிறவரை அனுப்பவும் வேண்டாம். பெயர் தெரியாத நிதி நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, உங்கள் ஆசிரியர். நாளைக்கே அவரோடு கிளைக்குப் போய் என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அதைக் காட்டி விற்கிறவரிடம் ஒரு மாதம் கேட்டு, உடன்படிக்கையின் காலத்தை நொத்தாரிசு மூலமே நீட்டுங்கள். ஒரு கிழமையில் பதில் இல்லை என்றால் இரண்டாவது வங்கியில் போடச் சொல்லுங்கள், அந்த மதிப்பீட்டாளர் அங்கேயும் பட்டியலில் இருந்தால் செலவு மிச்சமாகலாம். இரண்டோடு நிற்கட்டும், ஐந்து இடத்தில் போட்டால் அத்தனை விசாரணையும் கிரிப்பில் தெரியும். முறைப்பாடு செய்வதென்றால் முதலில் வங்கிக்கு, பிறகு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு, அதுவும் ஆசிரியரின் பெயரில்தான், உங்கள் பெயரில் அல்ல.